ஓரத்து இரண்டு மீட்டர்

கடைத்தெரு ஒன்றை மாற்றியமைக்கக் கூட்டம் போட்டால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: கார் போவதா, ஆள் நடப்பதா? வியாபாரிகள் சங்கம் ஒரு பக்கம், போக்குவரத்து போலீஸ் ஒரு பக்கம், நடைபாதை கேட்பவர்கள் ஒரு பக்கம் என்று நாற்காலிகளே பிரிந்துவிடும். தெரு வடிவமைப்பைப் பிழைப்பாகக் கொண்ட எனக்கு இந்தப் பிரிவினையே பிசகாகப் படுகிறது. கடைத்தெருவில் ஓடுகிற காருக்கும் நடக்கிற ஆளுக்கும் தீராப் பகை எதுவும் கிடையாது. ஓடுகிற கார் மூன்று மீட்டர் அகலம் கேட்கும், சில நொடிகளில் கடந்து போய்விடும். தெருவை யாருக்கும் உதவாமல் ஆக்குவது நிற்கிற வண்டி. நடைபாதைக்கும் வண்டி ஓடும் பாதைக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு, இரண்டரை மீட்டர் ஓரத்தை யார், எந்த நேரத்தில், என்ன விலைக்கு வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்காமல் கிரானைட் பதிப்பதும் பெஞ்சு போடுவதும் வீண் செலவு. அதைத் தீர்மானித்துவிட்டால் மற்றச் சச்சரவுகளில் பாதி தானாகவே சிறுத்துப்போகும். இதை எடுத்துச் சொல்லச் சென்னை தியாகராய நகரைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

பனகல் பூங்காவிலிருந்து கிழக்கே போகும் தியாகராய சாலையை, ஊர் வழக்கில் பாண்டி பஜாரை, மாநகராட்சி ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் திருத்தியமைத்து 2019 நவம்பரில் திறந்தது. செலவு ஏறக்குறைய 40 கோடி ரூபாய். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 2014இல், மோட்டாரில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை மாநகராட்சி ஏற்றிருந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் போகவேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும் இலக்கு. அந்த இலக்கு எந்த அளவு நிறைவேறியது என்பது வேறு கதை. ஆனால் பாண்டி பஜார் அந்த வரியிலிருந்து பிறந்த திட்டம். ஒன்றைக் கவனிக்கவேண்டும். வண்டிகளை அங்கே அடியோடு விலக்கவில்லை. கார் போகிறது, ஆட்டோ போகிறது, பைக் போகிறது. நடைபாதை அத்தனை அகலமானதற்கான இடத்தில் பெரும்பகுதி, முன்பு இருபுறமும் வண்டிகள் நின்றுகிடந்த ஓரத்திலிருந்து எடுத்தது. வெளியூரிலிருந்து பார்க்க வருபவர்கள் இதை ‘கார் இல்லாத தெரு’ என்று படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அது கார் ஓடுகிற தெரு. கார் குடியிருக்காத தெரு.

ஓரம் ஏன் யார் கண்ணிலும் படாமல் போகிறது என்பதற்கு எங்கள் தொழிலின் அளவுகோலே ஒரு காரணம். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990இல் வெளியிட்ட 106ஆம் எண் கையேட்டின்படி ஒரு கார் ஒரு அலகு. டூவீலர் அரையிலிருந்து முக்கால். பஸ் 2.2 முதல் 3.7 வரை. படிக்கட்டு வரை ஆள் நிற்கும் மாநகரப் பஸ்ஸும் இந்தக் கணக்கில் மூன்று நான்கு காருக்கு மேல் பெறாது. நடப்பவருக்கு அலகே கிடையாது. நடுத்தெருவில் ஜீப்ரா கிராசிங் தேவையா என்று பார்க்க ஒரு சூத்திரம் உண்டு: உச்ச நேரத்தில் கடக்கும் ஆள்களின் எண்ணிக்கையை வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தால் பெருக்கவேண்டும், மீடியன் இல்லாத சாலையில் விடை பத்துக் கோடியைத் தாண்டினால் கிராசிங் போடலாம். பயந்துகொண்டு கடக்காமலே திரும்பிப் போனவர் அந்தப் பெருக்கலில் வரமாட்டார். இதையெல்லாம் பலர் சொல்லியாயிற்று. நான் சொல்ல விரும்புவது அதன் மறுபாதி. போக்குவரத்துக் கணக்கெடுப்பு என்பது சாலையின் குறுக்கே ஒரு கோடு கிழித்து அதைத் தாண்டும் வண்டிகளை எண்ணுவது. காலை பத்து மணிக்கு வந்து இரவு எட்டு மணி வரை அசையாமல் நிற்கும் கார் அந்தக் கோட்டைத் தாண்டவே இல்லை. ஒரு பாதையை நாள் முழுக்க விழுங்கிய வண்டிக்குப் படிவத்தில் விழுவது பூஜ்யம். அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு ‘இந்தச் சாலையில் வண்டி அதிகம், அகலப்படுத்து’ என்று எழுதினால், அகலப்படுத்திய இடத்திலும் போய் நிற்கப்போவது அதே வண்டிதான்.

நடைபாதையை அகலமாக்கினால் டிராபிக் நின்றுவிடும் என்பது முதல் ஆட்சேபணை. இதற்கு விடை தெருவின் நடுவில் இல்லை, முனையில் இருக்கிறது. பச்சை விளக்கு ஒரு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் ஒரு பாதை ஏறக்குறைய 1,800 கார்களை வெளியே விடும். மற்றத் திசைகளுக்கும் முறை கொடுக்கவேண்டும் என்பதால் நமக்குக் கிடைப்பது அந்த மணியில் நாற்பது சதவீதம் என்றால், பாதைக்கு எழுநூற்றுச் சொச்சம். நடுத்தெருவில் மூன்று பாதை வைத்தாலும் சிக்னலில் இரண்டு பாதைதான் வெளியே போகிறது என்றால், மூன்றாவது பாதை வேலை செய்வது வண்டி நிறுத்தவே. நடைமுறையில் நடப்பதும் அதுதான். ஓரத்தில் ஒரு வரிசை நிற்கும். அதற்கு இணையாக டிரைவர் உட்கார்ந்தபடியே இன்னொரு வரிசை, ‘ரெண்டே நிமிஷம் சார்’ என்று நிற்கும். உள்ளே நிற்பவர் ரிவர்ஸ் எடுக்கும்போது மூன்றாவதும் நின்றுவிடும். அந்த இரண்டு வரிசையையும் எடுத்துவிட்டு, தடையில்லாத ஒரே பாதையை நேராகக் கொடுத்தால், சிக்னலுக்குப் போய்ச் சேரும் வண்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறைவதில்லை. உலக அனுபவமும் இதற்கு எதிராக இல்லை. சாலி கெய்ர்ன்ஸ், ஸ்டீபன் அட்கின்ஸ், ஃபில் குட்வின் மூவரும் 11 நாடுகளில் சாலை இடத்தைக் குறைத்த எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களை ஆராய்ந்து 2002இல் எழுதினார்கள். முன்கூட்டிப் பயந்த குழப்பம் பெரும்பாலும் வரவில்லை. பாதி இடங்களில் சுற்றுவட்டாரத்தையும் சேர்த்துப் பார்த்தாலே வண்டிகள் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. சில இடங்களில் கூடவும் கூடியது. ஆகவே குறைந்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஸ்தம்பித்தே தீரும் என்று மற்றவரும் சொல்ல முடியாது.

ஓரத்தின் ஒரு நாளைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டும். ஏனென்றால் ‘பார்க்கிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டு விதமான தேவைகளைத் திணித்து வைத்திருக்கிறோம். விடியற்காலையில் தண்ணி லாரி, காய்கறி வண்டி. ஒன்பதரை மணிக்குக் கடை திறக்கும் ஊழியர்களின் பைக்குகள் வரிசை போடும். அவற்றை ஒட்டி முதலாளியின் கார். பதினொரு மணிக்குக் குட்டியானை வந்து ஷட்டருக்கு முன்னால் நிற்கும். துணி மூட்டை இறங்க அரை மணி நேரம். மத்தியானத்தில் ஆட்டோக்கள் நிழல் பார்த்து ஒதுங்கும். நான்கு மணிக்குக் கடை செக்யூரிட்டி விசிலோடு வெளியே வந்து, கூம்பையும் கயிற்றையும் வைத்துத் தன் கடைக்கு முன்னால் இருக்கும் பொதுச் சாலையைத் தன் கடைக்கே ஒதுக்கிக்கொள்வார். ஐந்திலிருந்து ஒன்பது வரைதான் வாங்க வருபவர்களின் வண்டி. அதற்குள் ஓரம் நிரம்பியாயிற்று. அந்த மாலையில் ஓரத்தில் நிற்பவற்றில் எத்தனை வண்டி கடைக்காரருடையது, எத்தனை ஊழியருடையது, எத்தனை வாடிக்கையாளருடையது என்று நம்பர் பிளேட்டை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு போனால் தெரிந்துவிடும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு அட்டை, ஒரு பேனா, வெயில் தாங்கும் இரண்டு பேர். ஒரே நம்பர் ஐந்தாவது முறையும் அதே இடத்தில் இருந்தால் அது வாங்க வந்தவருடையது அல்ல. வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று கேட்கும் வியாபாரியிடம் பேசவேண்டிய முதல் காகிதம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓரத்துக்கு இணையாக நிறுத்தினால் 100 மீட்டரில் ஏறக்குறைய 16 கார் நிற்கும். ஆளுக்கு ஒரு மணி நேரம், காருக்கு இரண்டு பேர் என்றால் மணிக்கு 32 பேர். அதே இரண்டு மீட்டரை நடக்கக் கொடுத்தால், மீட்டருக்கு நிமிடத்துக்கு 30 பேர் இடிபடாமல் போகலாம் என்ற கணக்கில், மணிக்கு 3,600 பேர். இந்த ஒப்பீட்டை மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் இது முழு நேர்மையான ஒப்பீடு அல்ல. கார் நிற்கிறது, ஆள் கடக்கிறார். நிற்பதையும் கடப்பதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது. 3,600 பேர் வருகிற தெருவுக்குத்தான் அந்த அகலம் பயன்படும். இரண்டு பேர் நடக்கிற தெருவில் எட்டு மீட்டர் நடைபாதை போட்டால் அதில் பைக்தான் நிற்கும். ஆகவே கணக்கை இப்படித் திருத்துகிறேன்: நடப்பவர் கூட்டம் ஏற்கெனவே இருக்கும், அவர்கள் இடமில்லாமல் வண்டிப் பாதையில் இறங்கி நடக்கும் தெருவில், ஓரத்தைக் காரிடமிருந்து எடுப்பது லாபம். அந்தக் கூட்டம் இல்லாத இடத்தில் முதலில் பஸ் நிறுத்தத்தையும் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியையும் சரிசெய்துவிட்டு வரலாம். ரோட்ஸ் காங்கிரஸின் நடைபாதைக் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுகளுக்கும் இதுதான் அடிப்படை. எந்தச் சாலைக்கும் தடையில்லாத 1.8 மீட்டர் குறைந்தபட்சம், கடைத்தெருவுக்கு 2.5 மீட்டர். ‘தடையில்லாத’ என்ற சொல்லைத்தான் ஒப்பந்ததாரர்கள் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபார்மர், கடையின் படி, மரத்தடி மேடை எல்லாம் போக மிஞ்சுவதுதான் நடைபாதை.

‘எங்கள் வாடிக்கையாளர் காரில்தான் வருகிறார்’ என்பது வியாபாரிகளின் வாதம். இதை நான் பொய் என்று சொல்லமாட்டேன், பார்வைக் கோளாறு என்பேன். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது வாசலில் நிற்கும் கார். மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வந்தவர் எப்படி வந்தார் என்பது முகத்தில் எழுதியிருக்காது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் குளோஸ்டர் சாலைக் கடைக்காரர்களைக் கேட்டபோது வாங்க வருபவர்களில் 41 சதவீதம் காரில் வருவதாக நினைத்தார்கள். வந்தவர்களையே கேட்டபோது அது 22 சதவீதம். டொரான்டோவின் புளூர் தெருவில் 2009இல் செய்த ஆய்வில் காரில் வந்தவர்கள் பத்தில் ஒருவர்தான். அது வெள்ளைக்காரர் ஊர், நம் ஊருக்குப் பொருந்தாது என்று உடனே மறுப்பு வரும். பொருந்தாதுதான், நம் ஊரில் கார் வைத்திருப்பவர் இன்னும் குறைவு. வாகன விற்பனை ஏறிக்கொண்டே போகிறது என்பது உண்மை. ஆனால் தி.நகருக்குச் சனிக்கிழமை மாலை வருகிற குடும்பத்தில் பெரும்பாலோர் ரயிலிலோ பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஒரே பைக்கில் நான்கு பேராகவோ வந்தவர்கள் என்பதை அந்தத் தெருவில் பத்து நிமிடம் நின்றவர் யாரும் மறுக்கமாட்டார். காரில் வருகிறவர் ஒரு தடவைக்கு அதிகம் வாங்குகிறார் என்பார்கள். இருக்கலாம், நகைக்கடையில் நிச்சயம் இருக்கும். அவர் காரை 300 மீட்டர் தள்ளிப் பல அடுக்குக் கட்டடத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தால் வாங்காமல் போய்விடுவாரா என்பதே கேள்வி. மாலில் அடித்தளத்தில் காரை விட்டுவிட்டு அதைவிட அதிகமாகத்தான் அவர் நடக்கிறார்.

பாண்டி பஜார் திறந்த பிறகு விற்பனை ஏறியது என்று சிலரும் இறங்கியது என்று சிலரும் சொல்வதுண்டு. இரண்டையும் நான் ஆதாரமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். திறந்த நான்கு மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. அது விலகிக் கடைகள் நிமிர்ந்தபோது மெட்ரோ ரயில் வேலைக்காகச் சுற்றிலும் தடுப்புகள் எழும்பின. முன்–பின் என்று ஒப்பிட ஒரு சாதாரண ஆண்டே அந்தத் தெருவுக்கு வாய்க்கவில்லை. எனக்கு அதைவிடப் பலமான சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. ரங்கநாதன் தெருவில் கார் நுழைய முடியாது. நுழைந்தால் வெளியே வரமுடியாது. பார்க்கிங் என்ற ஒன்றே இல்லாத அந்தச் சந்து தமிழ்நாட்டின் மிகப் பெரிய சில்லறை வியாபாரங்கள் சிலவற்றைப் பெற்று வளர்த்தது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் போலீஸே உஸ்மான் சாலைப் பகுதியில் தடுப்பு வைத்து வண்டிகளைத் திருப்பிவிடுகிறது. கண்காணிப்பு கோபுரம் ஏறி நின்று கூட்டத்தை நகர்த்துகிறது. வருஷத்தின் உச்ச விற்பனை நடக்கும் நாட்களில்தான் கார் கடை வாசலுக்குப் போக முடிவதில்லை. பண்டிகை இருப்பதால் கூட்டம், கூட்டம் இருப்பதால் தடுப்பு. தடுப்பு இருப்பதால் விற்பனை என்று இதைத் திருப்பிப் படிக்கக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார் வாசலுக்கு வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற வாதத்தை இது கீழே தள்ளிவிடுகிறது.

எதிர்த்தரப்பின் நல்ல ஆயுதம் அமெரிக்காவில் இருக்கிறது. கலமாசூ என்ற ஊர் 1959இல் தொடங்கிவைத்த வழக்கத்தைப் பின்பற்றி அங்கே சுமார் 200 ஊர்கள் கடைத்தெருவில் காரை அறவே தடுத்தன. பெரும்பாலானவை பின்னர் திரும்பக் காருக்குத் திறந்துவிடப்பட்டன. சிகாகோவின் ஸ்டேட் தெரு 1979இல் பஸ்ஸுக்கும் நடப்பவருக்கும் மட்டுமென ஆகி, 1996இல் பழையபடி மாறியது. இதைச் சொல்லாமல் கோபன்ஹேகனின் ஸ்ட்ராய்யெட் தெருவை மட்டும் பாடிக்கொண்டிருப்பது எங்கள் தொழிலின் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. ஸ்ட்ராய்யெட்டிலும் 1962இல் காரைத் தடுத்தபோது கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், பிறகு அந்தத் தெரு செழித்தது என்பது உண்மை. அமெரிக்கத் தெருக்கள் வெறிச்சோடியதும் உண்மை. வேறுபாடு, தெருவுக்கு மேலும் பின்னாலும் யார் குடியிருக்கிறார்கள், எதில் வந்து இறங்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. அமெரிக்க ஊர்களில் ஜனம் புறநகருக்குப் போய்விட்டிருந்தது. பத்து மைல் தள்ளி வாழ்பவருக்கு ஊர் நடுவே தளம் போட்டுக் கொடுத்தார்கள். தி.நகரில் மாடியில் வீடு, கீழே கடை, பின்தெருவில் மெஸ், கூப்பிடு தூரத்தில் ரயில். இந்த நான்கும் இல்லாத ஒரு ஊரின் கடைத்தெருவுக்கு இதே வரைபடத்தைக் கொண்டுபோனால் நானும் எதிர்ப்பேன். டெல்லி சாந்தினி சவுக் இன்னொரு பாடம். செங்கோட்டையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை 1.3 கிலோமீட்டரில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை என்று 2021இல் திறந்தார்கள். சிவப்புக் கல் அழகாகத்தான் இருக்கிறது. தடையை மீறி பைக்குகள் நுழைவதாகப் பிறகு குறை சொன்னவர்களில் வியாபாரிகளும் இருந்தார்கள். அறவே தடை என்பது எழுத எளிது. அதை நாள் முழுக்க ஒவ்வொரு சந்து முனையிலும் நின்று காக்கவேண்டும். ஓரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடும் பாதையை விட்டுவைத்த பாண்டி பஜார் வழி, அதனால்தான் எனக்கு நிதானமானதாகத் தெரிகிறது.

உள்தெருவில் குடியிருப்பவர்களின் ஆட்சேபணைதான் எனக்கு மிக நியாயமாகப் படுவது. பெரிய சாலையில் வண்டி நிறுத்த விடாவிட்டால் அது எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது என்கிறார்கள். நிற்கிறதுதான். தண்ணீரைப் போல வண்டியும் இலவசமான பள்ளத்தை நோக்கியே ஓடும். பல அடுக்கு நிறுத்தகத்தை மாநகராட்சி பாண்டி பஜாரை ஒட்டியே கட்டியிருக்கிறது. ஆனால் பக்கத்துத் தெரு இலவசமாக இருக்கும்வரை அதன் மேல்தளம் நிரம்பாது. பார்க்கிங் ஆய்வாளர் டொனால்டு ஷூப் 2005இல் எழுதிய பெரிய புத்தகம் முழுக்க இந்த ஒரே விஷயத்தைத்தான் விரித்துரைக்கிறது: ஓரத்து இடத்தை இலவசமாகக் கொடுத்தால், இடம் தேடிச் சுற்றும் வண்டியே நெரிசலாகிவிடும், எப்போது போனாலும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்கு விலை வைக்கவேண்டும். சென்னையில் மாநகராட்சி பார்க்கிங் கட்டணம் பல சாலைகளில் காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5 ரூபாய் என்று இருந்திருக்கிறது. ஒரு கார் நிற்கும் இடம் 12.5 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 135 சதுர அடி. நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் முப்பது நாள் ஒரு நிமிடம்கூடக் காலியாக விடாமல் வசூலித்தாலும் 6,000 ரூபாய். அந்த வாடகைக்குப் பாண்டி பஜாரில் 135 சதுர அடிக் கடை கிடைக்குமா என்று எந்தத் தரகரையும் கேட்டுப் பார்க்கலாம். ஏழையைப் பாதிக்கும் என்ற வாதம் இங்கே நிற்காது. பஸ்ஸில் வந்தவர் கார் நிற்கும் இடத்துக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதே இன்றைய ஏற்பாடு. வசூலாகும் பணம் அந்தத் தெருவுக்கே திரும்பினால் வியாபாரிகளின் எதிர்ப்பு மங்கும். கலிபோர்னியாவின் பழைய பாசடீனாவில் 1993இல் மீட்டர் வைத்தபோது அந்தப் பணத்தில் அங்கேயே நடைபாதை, விளக்கு, மரம் என்று செய்து காட்டியதால்தான் கடைக்காரர்கள் சம்மதித்தார்கள்.

நிற்கும் வண்டிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு என்பதை எங்களில் பலர் மறைத்துவிடுகிறார்கள். ஓரத்தில் வரிசையாகக் கார் நின்றால், நடப்பவருக்கும் ஓடும் வண்டிக்கும் நடுவே அது ஒரு சுவர். அதை எடுத்துவிட்டுப் பாதையைத் துடைத்து வைத்தால் வண்டிகள் வேகமெடுக்கும். 2022இல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள்; வேகத்தைக் கூட்டிவிடும் எந்த வடிவமைப்பும் இந்த எண்ணோடு கணக்குத் தீர்க்கவேண்டும். ஆகவே பார்க்கிங்கை எடுக்கிற அன்றே பாதையை மூன்று மீட்டருக்கு இறுக்கவேண்டும், கடக்கும் இடங்களை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தவேண்டும், அகலமான இடத்தில் மரம் வைக்கவேண்டும். மரம் அலங்காரத்துக்கு அல்ல. சித்திரை வெயிலில் நிழல் இல்லாத கிரானைட்டில் மத்தியானம் யாரும் நடக்கப்போவதில்லை. அதேபோல முதியவர், மாற்றுத்திறனாளி வாசல் வரை வண்டியில் வரவேண்டாமா என்று கேட்கிறார்கள். வரவேண்டும், அவர்களை இறக்கிவிட ஓரத்தில் இடம் வேண்டுமானால் அந்த ஓரம் காலியாக இருக்கவேண்டும். இன்று அந்த இடத்தில் ஊழியர் பைக் நிற்பதால்தான் பாட்டி நடுரோட்டில் இறங்குகிறார். தீயணைப்பு வண்டிக்கும் இதே பதில். 2008இல் ரங்கநாதன் தெருவில் பலமாடிக் கடை ஒன்று எரிந்து உயிர்கள் போயின. 2017இல் அகலமான தெற்கு உஸ்மான் சாலையிலேயே இன்னொரு பெரிய கடைக் கட்டடம் எரிந்து இடிந்தது. சாலை அகலமாக இருந்தால் மட்டும் போதாது. அகலத்தில் எதுவும் நிரந்தரமாக நிற்காமல் இருக்கவேண்டும்.

தெருவோர வியாபாரிகளைப் பற்றிப் பேசாமல் ஓரத்தைப் பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம். பாண்டி பஜார் நடைபாதைக் கடைகளை நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு தனி வளாகம் கட்டி உள்ளே அனுப்பினார்கள். நடந்து போகிறவரின் கண்ணில் பட்டால்தான் ஹேர் கிளிப்பும் வளையலும் விற்கும். மாடி ஏறி யாரும் கிளிப் வாங்கமாட்டார்கள். தெருவில் விற்பது தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொன்னது. 2014இல் அதற்கென்று சட்டமும் வந்தது, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் தெருவோர வியாபாரிகளே இருக்கவேண்டும் என்ற விதியோடு. மறுபக்கம், கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் 2025 மே மாதம் அதே நீதிமன்றம், தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என்றது. இரண்டும் மோதுவதாகப் பலர் எழுதினார்கள். 2.5 மீட்டர் நடைபாதையில் மோதத்தான் செய்யும். பார்க்கிங்குக்குப் போன ஓரத்தைத் திரும்ப வாங்கினால், நடப்பதற்கு 2.5 மீட்டர் ஒதுக்கி, வண்டிப் பாதையை ஒட்டி இரண்டு மீட்டரில் கடைகளை உட்காரவைக்கலாம். ஒரு கார் நின்ற இடத்தில் மூன்று குடும்பம் பிழைக்கும். நிலையான கடை வைத்திருப்பவர் இதற்கு முகம் சுளிப்பார். வாடகை கொடுப்பவன் நான், கொடுக்காதவன் வாசலில் என்பார். அதற்குப் பதில், அனுமதிச் சீட்டும் கட்டணமும் அளவுக் கோடும்தான், ஒழிப்பு அல்ல.

கடைசியில் எல்லாம் சின்ன அளவுகளில் வந்து நிற்கும். நடைபாதையில் வண்டி ஏறாமல் இருக்க பொல்லார்டு என்னும் குத்துக்கல்லை நடுகிறோம். இடைவெளி 1.2 மீட்டர் வைத்தால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், கார் போகாது, பைக் போகும். 90 சென்டிமீட்டருக்குக் குறைத்தாலும் பைக் போகும், சக்கர நாற்காலிதான் திணறும். அதைவிடக் குறைத்தால் பைக்கைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு போய்விடுவார்கள், சக்கர நாற்காலி வெளியே நிற்கும். கல்லை வைத்து பைக்கைத் தடுக்கமுடியாது என்பதைத் தொழிலில் உள்ள எல்லோரும் அறிவோம். ஆனாலும் ஒவ்வொரு டெண்டரிலும் அந்தக் கல்லை எழுதுகிறோம், ஏனென்றால் கல்லுக்கு பில் போடலாம், போலீஸ்காரரின் அபராதச் சீட்டுக்கு டெண்டர் போடமுடியாது. அதேபோல ஒவ்வொரு கடை கேட்டிலும் நடைபாதையை இறக்கி ஏற்றுகிறார்கள். நடைபாதை ஒரே மட்டத்தில் தொடரவேண்டும், கார்தான் ஏறி இறங்கவேண்டும் என்பதே விதி. 15 சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்திவிட்டால் கார் தட்டும் என்று கடைக்காரர் சொல்வார், உடனே நடைபாதையை வெட்டிவிடுவார்கள். உயரத்தை முதலிலேயே சரியாக வைத்திருந்தால் இரண்டு பேருக்கும் சிக்கல் இல்லை. டூவீலருக்கென்று ஒவ்வொரு 50 மீட்டருக்கும் உள்வாங்கிய சிறு நிறுத்தம் வைத்த இடங்களில் பைக் நடைபாதையில் ஏறுவது குறைகிறது. தமிழ்நாட்டுத் தெருவை ஐரோப்பியப் படத்தைப் பார்த்து வரைபவர்கள் மறப்பது இந்த டூவீலரைத்தான்.

அடுத்த கடைத்தெருவை யார் எடுத்தாலும் வேலையின் வரிசையை மாற்றச் சொல்வேன். இப்போது நடப்பது: முதலில் வரைபடம், பிறகு கிரானைட், திறப்பு விழா, அதற்கும் பிறகு பார்க்கிங் ஒப்பந்தம், உள்தெருக்களைப் பற்றி யோசிக்கவே ஆளில்லை. நான் கேட்கும் வரிசை வேறு: முதல் மூன்று மாதம் நம்பர் பிளேட் கணக்கு. அதை வைத்துப் பெரிய சாலைக்கும் சுற்றியுள்ள உள்தெருக்களுக்கும் ஒரே நாளில் கட்டணம். உள்தெருவில் குடியிருப்பவருக்கு அனுமதி அட்டை. சரக்கு இறக்க இரவு பத்திலிருந்து காலை எட்டு வரை. பிறகு பெயின்ட்டும் பிளாஸ்டிக் தடுப்பும் வைத்து ஆறு மாதம் ஓட்டிப் பார்த்து, கோடு நகரவேண்டிய இடத்தில் நகர்த்திவிட்டு, மெட்ரோ வாட்டரும் மின்வாரியமும் தோண்டவேண்டியதைத் தோண்டி முடித்த பிறகு கல் பதிக்கலாம். பனகல் பூங்காவின் அடியில் மெட்ரோ நிலையம் செயல்படத் தொடங்கும்போது ஓரத்தின் மேல் இன்னொரு தேவை வந்து ஏறும்: ரயிலிலிருந்து வெளியே வருபவருக்காக ஆப் ஆட்டோவும் கால் டாக்ஸியும் வாயிலருகே காத்துநிற்கும். அவை நிற்க இடம் குறிக்காமல் விட்டால் நடைபாதை முனையிலேயே நிற்கும். நிலைய வாயில்களைச் சுற்றி எந்த 30 மீட்டர் ஏற்றி இறக்க, எந்த 30 மீட்டர் பஸ்ஸுக்கு, எது யாருக்குமே இல்லை என்று தடுப்புகளை எடுப்பதற்கு முன்பே பெயின்ட் அடித்து வைத்துவிடவேண்டும். முதல் வாரம் எங்கே நிற்கப் பழகினார்களோ, அதன் பிறகு அந்த ஆட்டோக்களை அங்கிருந்து நகர்த்த எந்தத் துறையாலும் முடியாது.